நாடுகளின் கூட்டு வியாபாரம்



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சங்கத்து அறையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த சமயம், நம் கடைத்தெருவின் மூத்த வியாபாரி ஒருவர் கையிலிருந்த பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு நம்மைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, ஐக்கிய நாடுகள் சபை பதினேழு இலட்சியம் வைத்திருக்கிறதாம். அதற்காக அக்கம்பக்கத்து நாடுகளெல்லாம் கூடிப் பணம் திரட்ட வேண்டுமாம். அரிசியும் மிளகாய்த்தூளும் விற்கிற நமக்கு அதில் என்ன இருக்கிறது?"

"இருக்கிறது காக்கா. ஆனால் அதை நின்றபடி சொல்ல முடியாது" என்றோம்.

"அப்படியானால் உட்கார்ந்து எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே இந்தப் பாடம். நாம் படித்தது ஊரில் மதரஸாவும் ஐந்தாம் வகுப்பும்தான். மிச்சமெல்லாம் கல்லாப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து கற்றது. எனவே பெரிய வார்த்தைகளை விட்டுவிட்டு, வியாபாரி வியாபாரியிடம் பேசுவதுபோல் இதைச் சொல்ல முயல்கிறோம்.

கரண்டு பில் சொன்ன சேதி

முதலில் நம் கடைக் கதை. நம்மிடம் ஆட்டிறைச்சியும் மீனும் வைக்க இரண்டு பிரீசர் பெட்டிகள் உண்டு. இரவும் பகலும் ஓடுகிறவை. 2021ஆம் வருஷக் கடைசியில், நமக்கு மின்சாரம் விற்றுக்கொண்டிருந்த கம்பெனி வியாபாரத்தை விட்டு விலகுவதாகக் கடிதம் அனுப்பிற்று. அந்தச் சமயத்தில் அப்படி விலகிய கம்பெனிகள் சிங்கப்பூரில் ஒன்றல்ல, சில. வேறிடத்தில் ஒப்பந்தம் எழுதியபோது மாதக் கட்டணம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காயிற்று. இறைச்சி விலையை ஏற்றினால் வாடிக்கை போகும். ஏற்றாவிட்டால் கைமுதல் கரையும். ஆறு மாதம் நாம் பட்ட பாடு நமக்குத்தான் தெரியும்.

ஏன் அப்படி ஆயிற்று என்று விசாரித்தோம். சிங்கப்பூரின் மின்சாரத்தில் 100க்கு 95 பங்கு இயற்கை எரிவாயுவை எரித்து எடுப்பது. அந்த வாயு அத்தனையும் வெளிநாட்டுச் சரக்கு. அந்த வருஷம் உலகம் முழுதும் வாயுவின் விலை ஏறிற்று. ஒரே மண்டியில் சரக்கு எடுக்கிற கடைக்காரனின் கதி என்னவோ, அதே கதிதான் ஒரே எரிபொருளை நம்பியிருக்கும் ஊருக்கும்.

பக்கத்து நாடுகளிலோ ஆறு ஓடுகிறது, வெயில் காய்கிறது, காற்று வீசுகிறது. அங்கெல்லாம் மின்சாரம் எடுக்கலாம். ஆனால் அணை கட்டவும் கம்பி இழுக்கவும் அவர்களிடம் முதல் போதாது. இங்கே முதல் இருக்கிறது, இடம் இல்லை. ஆகவே கூட்டுச் சேர வேண்டியிருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை சொல்லும் காரியத்தின் சாரம் இவ்வளவுதான்.

பதினேழு இலட்சியம் என்பது யாது?

2015 செப்டம்பரில் நியூயார்க்கில் 193 நாடுகள் கூடி, 2030ஆம் வருஷத்துக்குள் நிறைவேற்றுவதென்று 17 இலட்சியங்களை ஒப்புக்கொண்டன. வறுமை ஒழிதல், பசி தீர்தல், நல்ல நீர், கல்வி என்று அந்த வரிசை போகிறது. ஏழாவது, எல்லோருக்கும் கட்டுப்படியாகும் விலையில் சுத்தமான மின்சக்தி. பதினேழாவது, மற்ற பதினாறையும் நடத்திக் கொடுக்க நாடுகளுக்குள் கூட்டுறவு. இன்றைய தேவையை நிறைவேற்றும்போது பிள்ளைகளின் நாளைய பங்கைத் தின்றுவிடக் கூடாது என்பதே எல்லாவற்றுக்கும் அடியிலுள்ள விதி. வட்டிக் கடையில் வீட்டை அடகு வைத்து விருந்து போடாதே என்று நம் பெரியவர்கள் சொல்வதும் இதுதான்.

இலட்சியம் எழுதுவது சுலபம். பணம் எங்கே? ஐக்கிய நாடுகளின் வர்த்தக வளர்ச்சி அமைப்பு 2023ல் போட்ட கணக்குப்படி, வளர்ந்துவரும் நாடுகளுக்கு இதற்காகக் குறைவுபடும் முதல் ஆண்டுக்குச் சுமார் 4 இலட்சம் கோடி டாலர். எந்தச் சர்க்காரும் தனியாகத் தூக்கக்கூடிய மூட்டையல்ல இது.

வெங்காயக் கூட்டு

கூட்டு என்றதும் நமக்கு ஒரு பழைய வடு ஞாபகம் வருகிறது. பல வருஷங்களுக்கு முன்னர் நாங்கள் மூன்று கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு கண்டெய்னர் வெங்காயம் வரவழைத்தோம். ஒருவர் ரொக்கம் போட்டார். ஒருவர் ஊருக்குப் போய்ச் சரக்குப் பார்த்து விலை பேசினார். நாம் கடைக்குப் பின்னாலிருந்த கித்தங்கியைக் கொடுத்தோம். எழுத்து ஒன்றும் இல்லை. வாய்ச்சொல்லும் கைகுலுக்கலும்தான்.

கப்பல் நடுவழியில் ஒரு துறைமுகத்தில் நாள் கணக்கில் தங்கிவிட்டது. சரக்கு வந்து கதவைத் திறந்தபோது பாதி முளைத்திருந்தது, பாதி அழுகியிருந்தது. நஷ்டம் யாருடையது? ரொக்கம் போட்டவர், சரக்குப் பார்த்தவரைக் குறை சொன்னார். அவர், கப்பலுக்கு நான் என்ன செய்வேன் என்றார். நமக்கோ கித்தங்கி வாடகையும் இல்லை, மரியாதையும் இல்லை. இதற்கு நடுவில் பக்கத்துத் தையல்காரர் வேறு வந்து நின்றார். அழுகல் வாடையால் ஒரு வாரமாகத் தம் கடைக்கு ஆள் வரவில்லை என்றார். அவர் எங்கள் கூட்டில் சேரவுமில்லை, இலாபத்தில் பங்கு கேட்கவுமில்லை. ஆனால் நஷ்டத்தில் அவருக்கும் ஒரு பங்கு போய்ச் சேர்ந்துவிட்டது.

இரண்டு வருஷம் எங்கள் மூவருக்குள் ஸலாமே இல்லை. கடைசியில் எங்களை ஓரிடத்தில் உட்கார வைத்துத் தீர்த்தவர், இந்தப் பாடத்தை எழுதச் சொன்ன அதே காக்காதான். அவர் யாரையும் ஏசவில்லை. ஒரு தாளை எடுத்து ஐந்து கேள்விகளை எழுதினார்.

முதலாவது: முதல் யாருடையது, எந்த நிபந்தனையில் வந்தது?

இரண்டாவது: இலாபம் எப்படிப் பிரியும்?

மூன்றாவது: நஷ்டம் வந்தால் யார் தலையில்?

நான்காவது: கணக்கை எழுதுவது யார், பார்ப்பது யார்?

ஐந்தாவது: கூட்டில் சேராத அண்டை அயலாருக்கு என்ன வழி?

"இந்த ஐந்தையும் சரக்கு ஏற்றுமுன் கேட்டிருந்தால் இன்றைக்கு நான் இங்கே உட்கார வேண்டியதில்லை" என்றார். தையல்காரருக்கு ஒரு வார வரும்படியை மூவரும் பகிர்ந்து கொடுத்தோம். அன்று முதல் அந்தத் தாளின் நகல் நம் பேரேட்டுக்குள் இருக்கிறது. நாடுகளின் கூட்டையும் அந்த ஐந்து கேள்விகளாலேயே உரைத்துப் பார்ப்போம்.

மீகாங் ஆற்றின் கூட்டு

மீகாங் ஆறு திபெத்தில் பிறந்து, சீனா, மியன்மார், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் ஆகிய ஆறு நாடுகளைத் தொட்டு 4,000 கிலோமீட்டருக்கும் அதிகமாக ஓடிக் கடலில் விழுகிறது. நடுவிலிருக்கும் லாவோஸுக்குக் கடற்கரை கிடையாது. மலையும் ஆறுமே அதன் சொத்து. கப்பலில் ஏற்ற வழியில்லாத அந்த நாட்டுக்கு, கம்பியில் ஏற்றக்கூடிய சரக்கு மின்சாரம் ஒன்றே.

1957லேயே ஐக்கிய நாடுகளின் ஆதரவில் கீழ் மீகாங்கின் நான்கு நாடுகள் சேர்ந்து ஒரு குழு அமைத்தன. பல நாடுகள் பணம் கொடுக்க, உலக வங்கி அதை நிர்வகிக்க, லாவோஸில் நாம் ஙும் என்ற ஆற்றில் அணை எழும்பி 1971ல் வேலை செய்யத் தொடங்கிற்று. முதலில் அதன் அளவு 30 மெகாவாட். தலைநகர் வியன்டியானுக்குப் போக மிஞ்சியது ஆற்றைத் தாண்டித் தாய்லாந்துக்கு விற்பனையாயிற்று. சுற்றிலும் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆயினும் வாங்குகிறவனுக்கு வெளிச்சம் வேண்டும், விற்கிறவனுக்குக் காசு வேண்டும்.

மெகாவாட் என்றால் என்ன என்று சிலர் கேட்பார்கள். துணி தேய்க்கும் அயர்ன் பெட்டி ஒன்று சுமார் ஒரு கிலோவாட் இழுக்கும். ஆயிரம் அயர்ன் பெட்டிகள் ஒரே நேரத்தில் சூடாவது ஒரு மெகாவாட். 

அதைவிடப் பெரிய கூட்டு நாம் தூன் இரண்டு என்ற அணை. 2005ல் கையெழுத்தாகி 2010ல் விற்பனை தொடங்கிற்று. அளவு 1,070 மெகாவாட். பெரும்பங்கு தாய்லாந்துக்குப் போகிறது.

கம்பியில் ஓடும் உண்டியல்

இப்போது நம் ஊருக்கு வருவோம். தென்கிழக்காசிய நாடுகளை இணைக்க ஒரு பொது மின்கம்பி வேண்டும் என்ற எண்ணம் ஆசியான் தலைவர்கள் 1997ல் கோலாலம்பூரில் வெளியிட்ட திட்டத்திலேயே இருந்தது. காரியத்துக்கு வர இருபத்தைந்து வருஷம் ஆயிற்று. 2022 ஜூன் மாதம் லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாகச் சிங்கப்பூருக்கு வந்தது. அளவு 100 மெகாவாட் வரை. சிங்கப்பூரின் 2020ஆம் வருஷ உச்சத் தேவையில் இது 100க்கு ஒன்றரைப் பங்குதான். அளவு சொற்பமானாலும், நான்கு நாடுகள் ஒரே கம்பியில் வியாபாரம் செய்தது இப்பகுதியில் அதுவே முதல் தடவை. 2024ல், மலேசியாவின் சரக்கையும் சேர்த்து, இதை 200 மெகாவாட்டாக்க ஏற்பாடு செய்தார்கள்.

லாவோஸில் பிறந்த அதே மின்சாரம் நம் பிரீசருக்குள் வந்து நுழைகிறதா? இல்லை. அந்தக் காலத்து உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் ஒருவர் கட்டிய நோட்டு ஊருக்குப் பயணம் போவதில்லை. இங்கே வரவு வைத்ததும், அங்கே அதே தொகையைக் கொடுத்துவிடுவார்கள். அதுபோல லாவோஸ் தன் மின்சாரத்தைத் தாய்லாந்தின் கம்பியில் சேர்க்கிறது. தாய்லாந்து அதே அளவை மலேசியாவின் கம்பியில் விடுகிறது. மலேசியா ஜொகூர் கரையிலிருந்து சிங்கப்பூருக்குத் தருகிறது. நடுவிலுள்ள இரண்டு நாடுகளுக்கும் வழிக்கூலி உண்டு. கணக்கு சரியாக இருக்கும்வரை கம்பி ஓடும். ஒருவர் கையை விரித்தால் நான்கு பேருக்கும் நின்றுபோகும். உண்டியலைப்போலவே இதற்கும் உயிர்நாடி நாணயம்.

ஐந்து கேள்விகள்

முதல் யாருடையது? மணிலாவைத் தலைமையிடமாகக் கொண்டு 1966ல் 31 நாடுகள் சேர்ந்து ஆசிய அபிவிருத்தி வங்கியைத் தொடங்கின. மலேசியாவும் சிங்கப்பூரும் அன்றே அதில் பங்கு எடுத்தவை. இத்தகைய வங்கி செய்யும் உபகாரம் கடன் கொடுப்பது மட்டுமல்ல. ஜாமீன் நிற்பதும் பெரிய உபகாரம். ஏழை நாட்டில் ஆட்சி மாறினால் போட்ட பணம் போய்விடுமோ என்று தனியார் முதலாளி அஞ்சுவார். நாம் தூன் இரண்டுக்கு உலக வங்கியும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் அந்தப் பயத்துக்கு உத்தரவாதம் கொடுத்தன. அதன் பின்னரே தனியார் வங்கிகள் கையை நீட்டின. ஊரில் பெயருள்ள ஒரு பெரியவர் கைகாட்டினால் மண்டிக்காரர் புதியவனுக்கும் கடன் தருவாரல்லவா? அதே முறை. பொது மின்கம்பித் திட்டத்துக்கும் 2025 அக்டோபரில் ஆசிய அபிவிருத்தி வங்கி, பத்து வருஷத்தில் 1,000 கோடி டாலர் வரை உதவுவதாகச் சொல்லியிருக்கிறது.

இலாபம் எப்படிப் பிரியும்? நாம் தூன் இரண்டு கம்பெனியில் லாவோஸ் சர்க்காருக்கு 100க்கு 25 பங்கு. பங்கு இலாபம் போக, வரியும் நீர்க்கூலியும் கிடைக்கும். விற்பனை தொடங்கி 25 வருஷத்தில் அணை முழுதும் நாட்டுக்கே சொந்தமாகிவிடும். தவணை முடிந்ததும் கடை நமக்கு என்று எழுதிவைப்பது நல்ல ஒப்பந்தம்.

நஷ்டம் யார் தலையில்? இங்கேதான் வியாபாரி காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். நாம் தூன் இரண்டில், வாங்கிய கடனும் வரும் வருமானமும் டாலரிலும் தாய்லாந்து பாட்டிலும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி எழுதினார்கள். பாட் சரிந்தால் கடனும் சேர்ந்து சரியும். ஆனால் லாவோஸின் எல்லாக் கடனும் அப்படி அமையவில்லை. உள்நாட்டு ஜனங்களுக்கு மின்சாரம் விற்று வரும் காசு கிப். கட்ட வேண்டிய கடனில் பெரும்பகுதியோ டாலர். 2022ல் கிப் கடுமையாக வீழ்ந்தது. நாட்டின் பொதுக்கடன் அதன் ஓராண்டு மொத்த உற்பத்தி மதிப்பையே தாண்டிவிட்டதாக உலக வங்கி கணக்குக் காட்டிற்று. அதற்கு முந்திய வருஷமே, நாட்டின் உயர் அழுத்த மின்கம்பிகளை நடத்தும் உரிமை, ஒரு சீனக் கம்பெனி பெரும்பங்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு 25 வருஷத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. நல்ல சரக்கு இருந்தும், தப்பான நாணயத்தில் கடன் வாங்கினால் கடைச்சாவி கைமாறும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. நம்மில் வெள்ளியில் விற்று டாலரில் சரக்கெடுப்பவர்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

கணக்கை யார் பார்ப்பது? 1995ல் லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் ஆகிய நான்கும் மீகாங் ஆற்று ஆணையத்தை அமைத்தன. பெரிய ஆற்றின் குறுக்கே அணை கட்ட நினைக்கும் நாடு முன்கூட்டியே மற்றவர்களுக்குச் சொல்லி ஆலோசிக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. தடுக்கும் அதிகாரம் எவருக்கும் கிடையாது. சீனாவும் மியன்மாரும் அதில் அங்கத்தினர்களும் அல்ல. இருந்தாலும் கேள்வி கேட்பது வீண் போவதில்லை. தாய்லாந்து வங்கிகளின் கடனில் எழுந்த சயாபுரி அணைக்குக் கம்போடியாவும் வியட்நாமும் ஆட்சேபம் சொன்னபோது அணை நிற்கவில்லை. 2019ல் அது வேலை தொடங்கிற்று. ஆனால் மீன் ஏறிப்போகும் வழியும் வண்டல் இறங்கும் மதகும் அதன் வடிவத்தில் திருத்தப்பட்டன. 

ஐந்தாவது கேள்வி

அண்டை அயலாருக்கு என்ன வழி? இதுவே கடினமான கேள்வி. அநேகர் தாண்டிப் போகும் கேள்வியும் இதுவே.

கம்போடியாவில் தொன்லே சாப் என்று ஒரு பெரிய ஏரி உண்டு. மழைக்காலத்தில் மீகாங் பொங்கும்போது, ஏரியிலிருந்து வரும் ஆறு திரும்பி ஓடி ஏரியை நிரப்பும். வறண்ட காலத்தில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டராக இருக்கும் ஏரி, பொங்கிய காலத்தில் ஐந்து மடங்குக்கும் மேலாக விரியும். மூழ்கிய காட்டில் மீன் குஞ்சு பொரிக்கும். கம்போடிய ஏழையின் தட்டில் விழும் மீன் அங்கே பிறப்பது. 2019ல் மழை குறைந்தது. மேலே அணைகளிலும் நீர் தேங்கி நின்றது. மீகாங்கின் நீர்மட்டம் மிகவும் இறங்கி, ஆறு திரும்பி ஓடுவது பிந்திற்று. வலை வீசியவன் வெறுங்கையோடு கரையேறினான். அவன் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

நாம் தூன் இரண்டுக்காக 6,000 பேருக்கு மேல் வீடு மாற்றப்பட்டார்கள். அவர்களுக்குப் புது வீடும் ரோடும் பள்ளிக்கூடமும் கிடைத்தன. ஆனால் அணையின் நீர் வேறொரு ஆற்றில் விடப்பட்டதால், அதன் கரையிலிருந்த ஓர் இலட்சத்துக்கும் அதிகமான ஜனங்களின் மீன்பிடிப்பும் கரைத்தோட்டமும் பாதிக்கப்பட்டன. 2018 ஜூலை 23ஆம் தேதி, லாவோஸின் தெற்கே கட்டப்பட்டுக்கொண்டிருந்த வேறோர் அணைத்திட்டத்தின் மண்கரை ஒன்று உடைந்து, அத்தபு மாகாணத்தின் கிராமங்கள் இரவோடிரவாக மூழ்கின. பல உயிர்கள் போயின. ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர்.

இதைச் சொல்வது அணையே கூடாது என்பதற்காக அல்ல. நிலக்கரியை எரித்தால் அதன் புகைக்கும் ஒரு தையல்காரர் உண்டு. கடலோரத்திலுள்ள நம் ஊர்களும் அந்தத் தையல்காரருள் அடக்கம். விளக்கு இல்லாத வீட்டில் படிக்கும் பிள்ளைக்கும் உரிமை உண்டு. ஆனால் சுத்தமான மின்சாரம் என்று பெயர் வைத்துவிட்டதால் கணக்கும் சுத்தமாகிவிடாது. கீழே இருக்கும் மீனவனுக்குரிய பங்கை முதலிலேயே செலவுக் கணக்கில் எழுதி, அதற்குப் பிறகு மிஞ்சுவதையே இலாபம் என்று சொல்ல வேண்டும். எழுதாமல் விட்ட செலவு இலாபமாகத்தான் தோன்றும். எங்கள் வெங்காயக் கூட்டில் தையல்காரரின் ஒரு வாரத்தை நாங்கள் எழுதாமல் விட்டது போல.

சிறு முதலுக்கும் இடம் உண்டா?

இத்தனை கோடி புரளும் இடத்தில் நம்மைப்போன்ற சிறு வியாபாரியின் காசுக்கு இடமுண்டா என்று கேட்கலாம். மெதுவாக வழி திறந்துகொண்டிருக்கிறது. அதில் நம் மார்க்க வரம்புக்கு இசைந்த ஒரு முறையும் சேர்ந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது.

2017 ஜூலையில் மலேசியாவின் சபாவில், கூடாட் என்னுமிடத்தில் சூரிய மின்நிலையம் அமைக்க 25 கோடி ரிங்கிட்டுக்கு ஸுகூக் பத்திரம் வெளியிட்டார்கள். பசுமைக் காரியத்துக்கென்றே வந்த ஸுகூக்கில் உலகத்திலேயே அதுதான் முதலாவது. 2018 மார்ச்சில் இந்தோனேசிய சர்க்கார் 125 கோடி டாலருக்கு அதே வகைப் பத்திரம் விற்றது. ஒரு நாட்டின் சர்க்காரே வெளியிட்ட பசுமை ஸுகூக்கில் அது முதலாவது. 2019 நவம்பரில் தன் சொந்த ஜனங்களுக்காகச் சிறு பத்திரமும் வெளியிட்டது. குறைந்த தொகை 10 இலட்சம் ரூப்பியா. அன்றைய மாற்றில் சிங்கப்பூர்க் காசுக்கு நூறு வெள்ளிக்குள். பள்ளி ஆசிரியரும் பெட்டிக்கடைக்காரரும் ஒரு சூரிய நிலையத்துக்கோ இரயில் பாதைக்கோ கைகொடுக்க அதனால் வழி ஏற்பட்டது.

வட்டிக் கடனுக்கும் ஸுகூக்குக்கும் வேற்றுமை யாதெனில், முன்னது பணத்துக்குப் பணம் கேட்பது. பின்னதில் பணம் போட்டவருக்கு ஒரு சொத்திலோ தொழிலிலோ பங்கு உண்டு. அதன் வாடகையிலிருந்தோ இலாபத்திலிருந்தோ வருமானம் வரும். ஆனாலும் எல்லா ஸுகூக்கும் ஒரே அமைப்பில் இருப்பதில்லை. மார்க்க அறிஞர்களுக்குள் சில அமைப்புகளைப்பற்றி அபிப்பிராய பேதமும் உண்டு. ஆகவே பெயரை மட்டும் பார்த்துப் பணத்தை நீட்டாமல், அறிந்தவரிடம் பத்திரத்தின் நிபந்தனையைக் காட்டிக் கேட்பது அவசியம்.

இன்னோர் எச்சரிக்கை. "பசுமை", "ஹலால்" என்ற இரண்டு வார்த்தைகளையும் சேர்த்துச் சொல்லி, மாதம் இவ்வளவு நிச்சய இலாபம் என்று கைப்பேசியில் ஆசை காட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். மேற்சொன்ன ஐந்து கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அவர்கள் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். சிங்கப்பூர் நாணய ஆணையமும் மலேசியப் பங்குப்பத்திர ஆணையமும் சந்தேகத்துக்குரியோரின் எச்சரிக்கைப் பட்டியலை வெளியிட்டு வருகின்றன. பணம் போடுமுன் அதைப் பார்க்க அரை நாழிகை போதும். பெயர் பட்டியலில் இல்லை என்பதற்காக நல்லவர் என்றும் எண்ணிவிட வேண்டாம்.

நாம் செய்யக்கூடியது

நாம் மந்திரிகள் அல்ல. நாடுகளின் ஒப்பந்தத்தை நாம் எழுதப்போவதில்லை. ஆயினும் நம் கைக்கெட்டிய காரியங்கள் மூன்று உண்டு.

ஒன்று, நம்முடைய கூட்டு வியாபாரங்களை எழுத்தில் வைப்பது. கடனை எழுதிக்கொள்ளும்படி நம் வேதமே கட்டளையிட்டிருக்கையில், அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்று சொல்வது பெருந்தன்மையாகாது. பின்னால் அண்ணன் தம்பியாகவே இருப்பதற்குத்தான் எழுத்து.

இரண்டு, மின்சாரத்தை வீணாக்காமல் இருப்பது. நம் பிரீசர் கதவின் ரப்பர் தேய்ந்திருந்ததை அந்த 2021ஆம் வருஷப் பில் வந்த பிறகே கவனித்தோம். மாற்றிய மாதத்திலிருந்து கட்டணம் குறைந்தது. எரியாத மின்சாரத்துக்கு அணையும் வேண்டாம், கம்பியும் வேண்டாம், மீனவனின் கண்ணீரும் வேண்டாம்.

மூன்று, கேட்கப் பழகுவது. நம் வங்கியிடமும், மின்சாரம் விற்கும் கம்பெனியிடமும், பொதுக் கூட்டத்தில் பேசவரும் பெரியவர்களிடமும், "இந்தப் பசுமைச் சரக்கு எங்கிருந்து வருகிறது? அங்கே அயலாருக்கு என்ன கொடுத்தீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்கலாம். வாங்குகிறவன் கேட்டால் விற்கிறவன் பதில் தேடுவான். இது நம் தொழிலில் நாம் தினமும் காண்பது.

காக்கா கேட்டதற்கு வருகிறோம். அந்தப் பதினேழு இலட்சியத்தில் நமக்கு என்ன இருக்கிறது? நம் கரண்டு பில் இருக்கிறது. நம் பிள்ளைகள் குடியிருக்கப் போகும் ஊர் இருக்கிறது. முன்பின் பார்த்திராத ஒரு மீனவனுக்கு நாம் பட்டிருக்கும் கடனும் இருக்கிறது. அதை அளக்கும் கோலை நீங்கள்தான் அன்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தீர்கள். அது நாடுகளுக்கும் போதுமானதாகவே இருக்கிறது.

வெங்காயக் கூட்டில் எங்களோடிருந்த மற்ற இருவரும் இந்தப் பாடத்தை அச்சுக்குப் போகுமுன் படித்துப் பார்த்தார்கள். ரொக்கம் போட்டவர் ஒரு திருத்தம் சொன்னார். அழுகியது பாதி அல்ல, முக்கால்வாசியாம். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.